சாட்சிகள் உயிரோடு இருந்தபோதே

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, நேரமாகியும் எழுந்து போகாத அவையோரே, வணக்கம்.

தொடக்கக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கைக்கு அடிப்படை நேரில் கண்டவர்களின் சாட்சியா, பிற்காலத்தவர் கட்டிய கதையா என்பது இன்றைய தலைப்பு. சாட்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். இயேசுவைக் கடவுளாக்கியதே நைசியாவில் கூடிய சங்கம்தான் என்றார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல்கள் அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து வந்தவை, ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றார். சிலுவையில் செத்தவனை யாராவது கல்லறையில் வைப்பார்களா, நாய்க்கல்லவா போடுவார்கள் என்றும் கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். பேச்சு அப்படி, நானே தட்டியிருப்பேன்.

முதலில் எல்லைக் கல்லை நட்டுவிடுகிறேன். செத்தவர் உயிர்த்தெழுந்தாரா என்பதற்கு இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நடுவரும் அந்த வம்பை விலைக்கு வாங்க மாட்டார். இறந்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், எங்களுக்குத் தோன்றினார் என்ற நம்பிக்கை எப்போது பிறந்தது, யார் வாயிலிருந்து பிறந்தது என்பது மட்டும்தான் என் வழக்கு. தோமா மயிலாப்பூருக்கு வந்தாரா என்பது வேறு பட்டிமன்றம். அதற்குத் தனியாகக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

நைசியாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டினார், உண்மை. அங்கே அடித்துக்கொண்டது எதற்காக? அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ், மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்றார். மற்றவர்கள், இல்லை, தந்தையின் அதே இயல்பு உள்ளவர் என்றார்கள். அந்த ஆரியுஸே, உலகம் உண்டாவதற்கு முன்பே மகன் இருந்தார், அவர் வழியாகத்தான் உலகம் படைக்கப்பட்டது என்று நம்பியவர். நாசரேத்தூர்த் தச்சர் வெறும் மனிதர் என்று வாதாட அந்தச் சபையில் ஓர் அணியே கிடையாது. நம் எதிரணி அங்கே போயிருந்தால் உட்கார நாற்காலிகூடக் கிடைத்திருக்காது. புதிய ஏற்பாட்டில் எந்த நூல்கள் சேர வேண்டும் என்று நைசியாவில் முடிவு கட்டியதாகவும் சொன்னார்கள். இன்றுள்ள 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலில் வருவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில். அது நைசியாவுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிந்தையது.

சரி, நைசியாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் போவோம். இன்றைய துருக்கியின் வடகரை, அன்றைக்குப் பித்தினியா. ஏறத்தாழ 112இல் அங்கே ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்து வருகிறார்கள், இவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். விசாரித்ததில் அவருக்குத் தெரிய வந்தது இவ்வளவுதான்: குறித்த ஒரு நாளில் விடியும் முன்னே கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். இதை அவரிடம் சொன்னவர்கள் யார் தெரியுமா? அந்த நம்பிக்கையை விட்டு விலகியவர்கள். அவர்களில் சிலர் விலகி இருபது ஆண்டு ஆகிவிட்டது. அதிலும் மனம் ஆறாமல், அந்தக் கூட்டத்தில் பணிவிடை செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரிக்கிறார். அளவுகடந்த மூடநம்பிக்கை என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். கான்ஸ்டன்டைனின் தாத்தாவுக்குத் தாத்தா பிறக்கும் முன்பே அந்தப் பெண்கள் கிறிஸ்துவைப் பாடிவிட்டார்கள், நடுவர் அவர்களே.

அடுத்தது நாற்பது ஆண்டு வாதம். இது கனமானது, இதற்குத்தான் நான் நேரம் எடுத்துக்கொள்வேன். மாற்கு எழுதிய நற்செய்தி ஏறக்குறைய கி.பி. 70 என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கையில் இருக்கும் முதல் கிறிஸ்தவ எழுத்து மாற்கு அல்ல. முதலில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தி, பிறகு மனம் மாறி அந்த நம்பிக்கையைப் பரப்பியவர் பவுல். அவர் எழுதிய கடிதங்கள் அதற்கு முந்தியவை. அவற்றின் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? கிரேக்க நாட்டு டெல்பியில் சில உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. பேரரசர் கிளாடியுஸ் அனுப்பிய கடிதம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மாகாண ஆளுநர் கல்லியோவின் பெயர் அதில் வருகிறது. கல்வெட்டில் உள்ள அரச விருதுக் கணக்கை வைத்துப் பார்த்தால் கல்லியோ அங்கே இருந்தது 51, 52 வாக்கில். கொரிந்து நகரத்தில் பவுலை இதே கல்லியோவின் முன்னால் இழுத்துப் போய் நிறுத்தினார்கள் என்று புதிய ஏற்பாட்டில் உள்ள அப்போஸ்தலர் பணிகள் என்ற நூல் சொல்கிறது. உங்கள் மதச் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் விரட்டிவிட்டாராம். ஆக, இயேசு இறந்து இருபது ஆண்டு சுற்றுக்குள் பவுல் கொரிந்தில் பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு எபேசுவிலிருந்து, 54ஐ ஒட்டி, அதே ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்கு ஒப்படைத்தேன் என்று தொடங்கி ஒரு பட்டியல் தருகிறார். கிறிஸ்து இறந்தார், அடக்கம் பண்ணப்பட்டார், எழுந்தார், கேபாவுக்குத் தோன்றினார், பிறகு பன்னிருவருக்கு, பிறகு ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில், பிறகு யாக்கோபுக்கு, எல்லா அப்போஸ்தலர்களுக்கும், கடைசியில் எனக்கு. கேபா என்றால் இயேசுவின் தலைமைச் சீடர் பேதுருதான். பன்னிருவர் என்றால் இயேசுவின் நெருங்கிய சீடர் குழு. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், சிலர்தான் இறந்துபோனார்கள் என்றும் போகிற போக்கில் எழுதுகிறார்.

எதிரணித் தலைவர் இங்கே குறுக்கிட்டு, கொரிந்துக்காரன் கப்பலேறிப் போய் விசாரிக்கவா போகிறான், எதை வேண்டுமானாலும் அளந்துவிடலாமே என்றார். நல்ல கேள்வி. அதே கடிதத்தின் முதல் அதிகாரத்தைப் புரட்டுங்கள். கொரிந்துச் சபை கட்சி கட்டி நிற்கிறது. நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள், நான் கேபா ஆள் என்று சண்டை. அதுவும் போகட்டும், செத்தவர் எழுவதாவது என்று பேசும் ஒரு கூட்டமும் அங்கேயே இருக்கிறது. அவர்களுக்குத்தான் பதினைந்தாம் அதிகாரமே எழுதப்படுகிறது. கேபாவின் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில், எழுந்து கேள்வி கேட்கும் ஆட்களுக்கு முன்னால், கேபா சொல்லாத ஒன்றைக் கேபா பெயரில் சொல்ல முடியுமா? அடுத்த வாரமே மானம் போய்விடும். பவுல் அதற்கும் ஒருபடி மேலே போய், நானானாலும் அவர்களானாலும் இதைத்தான் அறிவிக்கிறோம் என்று அடித்துச் சொல்கிறார்.

சரி, பெற்றுக்கொண்டேன் என்கிறாரே, யாரிடமிருந்து? கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு துப்பு இருக்கிறது. மனம் மாறி மூன்று ஆண்டுக்குப் பிறகு எருசலேமுக்குப் போனேன், கேபாவோடு பதினைந்து நாள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லை என்கிறார். நான் பொய் சொல்லவில்லை, கடவுள் சாட்சி என்று ஆணையும் இடுகிறார். இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்து ஆளுநராக இருந்தது 26 முதல் 36 வரை. சிலுவை மரணம் 30 அல்லது 33. அப்படியானால் இந்தச் சந்திப்பு முப்பதுகளின் நடுப்பகுதி, போனால் கடைசி. ஒரே கூரையின் கீழ் பதினைந்து நாள் இருந்தவர்கள் வானிலையையா பேசியிருப்பார்கள்? பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லப்படும் கேபா, யாக்கோபு இருவருமே பவுல் நேரில் பார்த்துப் பேசிய ஆட்கள். இதைக் கேள்விப்பட்ட கதை என்று எப்படிச் சொல்வது?

ஆளுக்கு ஆள் ஜாடை காட்டிக் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல வருகிறீர்களா? அதே கலாத்தியர் கடிதத்தில், அந்தியோக்கியாவில் கேபாவை முகத்துக்கு நேரே எதிர்த்தேன், அவர் செய்தது தவறு என்று பவுல் போட்டு உடைக்கிறார். கூட்டுக் களவாணிகள் சண்டையை ஊருக்குக் கடிதம் போட்டுச் சொல்வதில்லை.

முரண்களுக்கு வருகிறேன். இருக்கின்றன. யூதாசு எப்படிச் செத்தான் என்பதில் மத்தேயு ஒன்று சொல்கிறார், அப்போஸ்தலர் பணிகள் வேறொன்று சொல்கிறது. இயேசு பிறந்தது ஏரோது அரசன் காலத்தில் என்கிறார் மத்தேயு, ரோமானிய ஆளுநர் குரேனியு எடுத்த குடிக்கணக்கின்போது என்கிறார் லூக்கா. ஏரோது இறந்தது கி.மு. 4, அந்தக் கணக்கெடுப்பு கி.பி. 6. இரண்டையும் ஒரே பிறப்புக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்டால், லூக்காவுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. மாற்கு நூலின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் பிறகு ஒட்டப்பட்டவை என்றார் எதிரணித் தலைவர். அதுவும் சரிதான். நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் படிகளிலும், சினாய் படியிலும் வத்திக்கான் படியிலும், அவை இல்லை. அந்த வசனங்களை அடித்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. பவுலின் பட்டியலில் பெத்லகேமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, மாற்கின் கடைசி வசனங்களும் இல்லை. நான் நிற்பது அந்தப் பட்டியலின் மேல்.

அதே மாற்கில் ஒரு சின்ன இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சிலுவையைச் சுமக்கச் சிரேனே ஊர்ச் சீமோனைப் பிடித்துக் கட்டாயப்படுத்துகிறார்கள். அவன் அலெக்சந்தருக்கும் ரூபுக்கும் தகப்பன் என்று மாற்கு சேர்க்கிறார். கதைக்கு அந்தப் பிள்ளைகள் எதற்கு? அதற்கப்புறம் அவர்கள் நூலில் தலைகாட்டுவதே இல்லை. பின்னால் எழுதிய மத்தேயுவும் லூக்காவும் அந்த இரண்டு பெயரையும் விட்டுவிட்டார்கள். மாற்கின் முதல் வாசகர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது, அடுத்த வாசகர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

பட்டியலில் பெண்கள் இல்லையே, கல்லறைக்குப் பெண்கள் போன கதை பிறகு முளைத்ததுதானே என்று அடுத்து வருகிறவர் கேட்கலாம். பெண்களின் சாட்சியம் வேண்டாம் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்த காலம் அது. கட்டுகிறவன் அந்தக் காலத்தில் செல்லாத சாட்சியைத்தான் தேடிப் பிடித்து முதல் ஆளாக நிறுத்துவானா? நான்கு நூல்களும் மகதலேனா மரியாளைத்தான் நிறுத்துகின்றன.

அந்த நாய் விஷயம். 1968இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். எலும்புகளைச் சேர்த்துவைக்கும் கல் பெட்டி ஒன்றில் யெகோகனான் என்ற பெயர் செதுக்கியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் பாய்ந்த இரும்பு ஆணி. நுனி வளைந்துகொண்டதால் பிடுங்க முடியாமல் எலும்போடேயே வைத்திருக்கிறார்கள். சிலுவையில் அறையப்பட்டவன், குடும்பக் கல்லறையில் கிடக்கிறான். அந்த ஊரில் இப்படிக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான், மறைக்கவில்லை. ஆனால் 'நடக்கவே நடக்காது' என்ற வாதத்துக்கு ஒன்றே போதும்.

கடைசியாக, இயேசுவின் சகோதரர் யாக்கோபு. வீட்டார் இயேசுவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் பிடித்துப்போக வந்தார்கள் என்கிறது மாற்கு. தம்பிமாரே நம்பவில்லை என்கிறது யோவான். எந்தச் சபை தன் தலைவரைப் பற்றி இப்படிக் கட்டிக்கொள்ளும்? ஏனென்றால் பிறகு எருசலேம் சபைக்கே தலைவராக இருந்தவர் அந்த யாக்கோபு. 62இல், ஓர் ஆளுநர் இறந்து அடுத்தவர் வந்து சேரும் முன், தலைமைக் குரு அனானுஸ் அவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தான். இதைச் சொல்வது கிறிஸ்தவர் அல்ல, யோசேப்பு. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது, எருசலேமில் பிறந்து வளர்ந்தவர். கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் என்று யாக்கோபை அடையாளம் காட்டுகிறார். இயேசுவைப் பற்றி யோசேப்பு நூலில் நீளமாக வரும் வேறொரு பத்தி உண்டு. அதில் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்பதால் அதை நான் தொடவே இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வரும் சகோதரி நைசியாவையும் நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் சொல்லட்டும்: கூடப் பிறந்தவனைப் பைத்தியம் என்று நினைத்த வீட்டிலிருந்து ஒருவன், அவனே மேசியா என்று முப்பது ஆண்டு அதே ஊரில் நின்று கல்லெறி வாங்கிச் சாகிறானே, அவனுக்கு யார் எப்போது கதை கட்டிக் கொடுத்தார்கள்? வணக்கம்.