18 என்று எழுதும் முன்

(செவிலியர் கல்லூரி ஒன்றின் விளக்கேற்றும் விழாவில், ஓய்வு பெற்ற வார்டு செவிலியர் ஒருவர் முதலாமாண்டு மாணவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புப் பிள்ளைகளே, அவர்களை இங்கே அனுப்பி வைத்திருக்கும் பெற்றோரே, எல்லாருக்கும் வணக்கம்.

சற்று முன்புதான் விளக்கை ஏந்தி உறுதிமொழி சொன்னீர்கள். நான் பேச வந்திருப்பது ஓர் எண்ணைப் பற்றி. 18.

எந்த வார்டுக்குப் போய் நோயாளியின் குறிப்பைப் புரட்டினாலும் அந்த எண் கண்ணில் படும். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறும், நாடி மாறும், ரத்த அழுத்தம் மாறும். மூச்சு மட்டும் எல்லாருக்கும் 18. அறுவைச் சிகிச்சை முடிந்து கிடப்பவருக்கும் 18, இளைப்பு நோய்க்காரருக்கும் 18. காரணம் எளியது. மற்றவற்றைக் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சை எண்ணுவதற்கு மட்டும் ஓர் ஆள் ஒரு முழு நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

நானும் அப்படி எழுதியவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் அறுவைச் சிகிச்சை வார்டில் இரவுப் பணி. நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. குடலில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று நாளான ஒருவர் ஓரத்துப் படுக்கையில் இருந்தார். இரவு 10 மணிக்கு 18 என்று எழுதினேன். 2 மணிக்கும் 18. காலை 6 மணிக்கும் 18. முதல் முறை முந்தைய கட்டத்தைப் பார்த்து எழுதினேன்; பிறகு என் கையெழுத்தையே பார்த்து எழுதினேன். காலையில் வந்த மூத்த சிஸ்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ஒரு நிமிடம் கழித்து என் பக்கம் திரும்பி, "34" என்றார். உள்ளே தையல் விட்டுக் கசிந்திருந்தது. அன்றைக்கே மறுபடி அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மனிதர் பிழைத்தார், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தார். "இரவெல்லாம் நீங்கள்தானே சிஸ்டர் பார்த்துக்கொண்டீர்கள்" என்று அவருடைய மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியின் கனம் இன்னும் என்னைவிட்டு இறங்கவில்லை.

உடம்புக்குள் ஏதோ கெடுகிறது என்றால் மூச்சு பெரும்பாலும் முந்திக்கொண்டு சொல்லிவிடும். ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் மருத்துவரை அழைத்த பிறகுதான் அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். மூச்சை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொன்னால் அவரையறியாமல் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின்மேல் வையுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். நோய் முற்றியவர்களின் மூச்சு சீராக இருக்காது.

பார்க்காமல் எழுதும் இன்னொரு சொல் 'தோல் நன்றாக உள்ளது'. போர்வையை விலக்கி, ஆளைப் புரட்டி, இடுப்பின் பின்பக்க எலும்பையும் குதிகாலையும் பின்மண்டையையும் பார்த்தவர்தான் அதை எழுதலாம். அழுத்திய இடம் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது, படுக்கைப் புண்ணின் தொடக்கம் அதுவே என்று பாடம் படிப்பீர்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல் இருக்கும். நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? இங்கே கைதான் கண். புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா? கருநீலம் ஓடியிருக்கிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறாரா?

அந்த இடத்தில் ஸ்பிரிட்டைத் தடவி, பவுடர் போட்டுத் தேய்ப்பது எங்கள் காலத்து வழக்கம். அக்கறையோடுதான் செய்தோம், ஆனால் தவறு. ஏற்கெனவே நசுங்கிய திசுவைத் தேய்த்தால் இன்னும் சிதையும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் வேண்டாம். கெண்டைக்கால் நெடுகத் தலையணை கொடுத்தால் குதிகால் எதன்மேலும் படாமல் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இழுக்காதீர்கள், விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள்.

அடுத்து, பெயர். "நீங்கள் லட்சுமிதானே?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். சிஸ்டர் கேட்கிறார், ஆமாம் என்பதுதான் மரியாதை என்று நினைப்பார். "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேளுங்கள். அவர் வாயால் வரட்டும். பிறகு கைப்பட்டையில் உள்ள உள்நோயாளி எண்ணைப் பாருங்கள். படுக்கை எண்ணை நம்பி மருந்து கொடுக்காதீர்கள். மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தால் எங்கள் நோயாளிகள் தாங்களாகவே மாறிப் படுத்துவிடுவார்கள்.

இன்சுலினைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை அதல பாதாளத்துக்குப் போய், நோயாளி விடிவதற்குள் நினைவிழந்து கிடப்பார். தூங்குகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். தலைகீழாக மாற்றி எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். குப்பியின் எழுத்தை வாசியுங்கள், சிரிஞ்சின் எழுத்தை வாசியுங்கள், பக்கத்தில் இருக்கும் இன்னொரு செவிலியரிடம் காட்டுங்கள். அவர் எவ்வளவு இளையவராக இருந்தாலும் சரி.

கை கழுவுவதை உங்கள் ஆசிரியர்கள் அலுக்கும்வரை சொல்லித் தருவார்கள்: சோப்பு என்றால் 40 முதல் 60 வினாடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கையுறை அந்த வேலையைச் செய்யாது. அதற்குப் பின்னால் இருக்கும் கதையை மட்டும் நான் சொல்கிறேன். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில், மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட அதிகமான தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். 1847 ஏப்ரலில் முதல் வார்டில் நூற்றுக்கு 18 பேர். பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று இக்னாஸ் செமல்வெய்ஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதம் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. இதில் என் மனத்தில் நிற்பது, அந்த மருத்துவமனையில் யாரோ மாதந்தோறும் சாவுகளை உள்ளபடியே எழுதி வைத்திருந்தார்கள் என்பது. யாராவது ஓர் எழுத்தர் எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணை நிரப்பியிருந்தால், செமல்வெய்ஸுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

நாற்பது பேருக்கு ஒருத்தி என்றால் எப்படி எல்லாருக்கும் ஒரு நிமிடம் நிற்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆள் போதாதது உங்கள் குற்றம் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது எங்களைப் போன்ற மூத்தவர்களின் கடமை, அதில் நாங்கள் போதுமான அளவு குரல் கொடுக்கவில்லை. ஆனால் பார்க்க முடியாமல் போனால் 'பார்க்க இயலவில்லை' என்று எழுதுங்கள். பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்து வருபவர் ஓடிப் போய் நோயாளியைப் பார்ப்பார். 18-ஐப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவார்.

நேரமாகிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு வேலை. பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடியுங்கள். நாடியையா, மூச்சையா, எதை எண்ணுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். பெற்றோரும் சேர்ந்துகொள்ளலாம். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு முழு நிமிடம். தொடங்குங்கள்.