கூண்டுக்கு வராத பறவை

நேயர்களுக்கு வணக்கம்.

திரையில் நான்கைந்து வரிகள். ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள். எதிரே சிறிய செங்கல் கட்டடம், சுற்றிலும் காடு. கட்டடத்துக்குள்ளிருந்து ஓர் ஓடை கிளம்பிப் பள்ளத்தில் இறங்கிப் போகிறது. படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ‘கோ ஈஸ்ட்’, ‘டேக் லேம்ப்’ என்று இரண்டே சொற்கள். அதைக் கணினி படித்துவிட்டு, என்ன நடந்தது என்று பதில் எழுதும். டெக்ஸ்ட் அட்வென்ச்சர் என்றும் இன்டராக்டிவ் ஃபிக்ஷன் என்றும் இந்த விளையாட்டைச் சொல்வார்கள்.

நான் சொன்னது ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ தொடங்கும் இடம். வில் க்ரௌதர் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் 1975, 76 வாக்கில் எழுதியது. அவர் கென்டக்கியில் இருக்கும் மேமத் குகைக்குள் ஊர்ந்து போய், அளந்து, வரைபடம் போட்டவர். தம் இரண்டு மகள்களும் விளையாடட்டும் என்று அந்தக் குகையையே சொற்களாக்கிக் கொடுத்தார். 1977-இல் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கிப் புதையல்களையும் புதிர்களையும் சேர்த்தார். முழு மதிப்பெண் 350. இன்றைக்கும் அதை இலவசமாக ஆடலாம்.

நான் சிக்கிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். குகைக்குள் ஓர் அறையில் சின்னப் பறவை ஒன்று உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். அங்கே போய்ச் சேருவதற்குள் வழியில் ஒரு பிரம்புக் கூண்டும், முனையில் துருப்பிடித்த நட்சத்திரம் பதித்த கறுப்புக் கோலும் கிடைத்துவிடும். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்வது இந்த விளையாட்டில் எல்லாருக்கும் பழக்கம். நானும் எடுத்துக்கொண்டேன். கூண்டு கையில் இருக்கிறதே என்று ‘பறவையைப் பிடி’ என்றேன். முடியவில்லை. நீங்கள் உள்ளே நுழைந்தபோது பறவை பயப்படவில்லை, கிட்டே போனதும்தான் மிரள்கிறது என்று பதில் வந்தது.

அந்த வரியை நான் ‘முடியாது’ என்று மட்டும்தான் படித்தேன். இரண்டு நாள் வினைச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் ‘மிரள்கிறது’ என்ற சொல் உறைத்தது. எதைக் கண்டு மிரள்கிறது? ‘இன்வென்டரி’ என்று அடித்தால் கையில் இருப்பதன் பட்டியல் வரும். விளக்கு, கூண்டு, கோல். கோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ‘பிடி’ என்றேன். பறவை கூண்டுக்குள் வந்துவிட்டது.

பின்னால் ஒரு மண்டபத்தில் பெரிய பாம்பு வழிமறித்துக் கிடக்கும். அதன் முன்னால் பறவையைத் திறந்துவிட்டால் பாம்பை விரட்டிவிடும். கீழே போட்ட கோலும் வீணாகாது. குகையில் ஒரு பெரும் பிளவின் விளிம்பில் நின்று அதை அசைத்தால் பளிங்குப் பாலம் முளைக்கும். ஆனால் இந்தப் பாலத்தை நான் நல்ல புதிர் என்று சொல்லமாட்டேன். அதை ஊகிக்க எனக்குப் போதுமான தடயம் கிடைக்கவில்லை. பறவைப் புதிர் அப்படியல்ல. விடை என் கண் முன்னால் எழுதியிருந்தது. அவசரத்தில் தாண்டிப் போனது நான்தான்.

அதற்குப் பிறகு எந்த விளையாட்டிலும் பதிலை வாய்விட்டுப் படிக்கிறேன். வரும் பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் ‘எக்ஸாமின்’, அதாவது ‘உற்றுப் பார்’ என்று போட்டுப் பார்க்கிறேன். மேசை என்று எழுதியிருந்தால், எழுதியவர் காரணத்தோடுதான் அதை அங்கே வைத்திருப்பார். பக்கத்தில் தாளும் பென்சிலும் கட்டாயம். அறைக்கு ஒரு கட்டம், வழிக்கு ஒரு கோடு. வடக்கே போனவர் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவார் என்று நம்பிவிடக் கூடாது. குகை வழிகள் வளைந்து போகும்.

சில விளையாட்டுகளில் விடை தெரிந்தும், கணினிக்குப் புரியும் சொல் அகப்படாமல் திண்டாடுவோம். இது ஆடுபவரின் குறையல்ல, எழுதியவரின் குறை. அப்போது கூச்சப்படாமல் குறிப்பைப் பாருங்கள். ஆனால் முழு விடையையும் ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். இந்த வகை விளையாட்டுகளை வெளியிடுவதற்காக 1979-இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம் இதற்கு அழகான வழி வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறிப்புப் புத்தகம். கூடவே ஒரு பேனா. பேனாவால் தாளைத் தேய்த்தால் ஒரு வரி தெரியும்: முதலில் லேசான சாடை, அடுத்து இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் விடை. எதுவரை தேய்ப்பது என்பது நம் கையில்.

இப்போதும் நிறையப் பேர் இவற்றை எழுதுகிறார்கள். 1995-இலிருந்து ஆண்டுதோறும் இதற்கென்றே ஒரு போட்டி நடக்கிறது. எல்லாம் எழுத்தாகவே இருப்பதால், திரை வாசிப்பு மென்பொருளின் துணையோடு பார்வையற்றவர்களும் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து ஆடுகிறார்கள். படம் நிறைந்த விளையாட்டுகள் பலவற்றில் இது எளிதில் வாய்ப்பதில்லை.

மறுபடியும் அந்தக் குகைக்கே வருகிறேன். அதில் வழி தவற வைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்றில் எல்லா அறைக்கும் ஒரே வர்ணனை. கையில் இருப்பதை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைத்துத்தான் தப்பிக்க வேண்டும். இரண்டாவதிலும் அதே உத்தியை எடுத்தேன். அங்கே அதற்குத் தேவையே இல்லை. வளைந்த சிறு வழிகளின் சிக்கல் என்று ஓர் அறை சொல்லும், சிறு வளைவழிகளின் சிக்கல் என்று பக்கத்து அறை சொல்லும். சொற்கள்தான் இடம் மாறுகின்றன. அறைக்கு அறை அந்த வரியை அப்படியே தாளில் எழுதிக்கொண்டே நடந்தேன். விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. வழி முட்டி நின்ற இடத்தில் பேட்டரி தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. புதையலாகச் சேர்த்து வைத்த நாணயங்களை அதில் போட்டேன். புது பேட்டரி வந்தது.

நன்றி, வணக்கம்.