ஐதாப் துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தைச் சேர்ந்த ஒரு யூத வியாபாரி தன் அண்ணனுக்கு எழுதியது. அவர் பெயர் தாவீது.

நைல் கரையிலுள்ள கூஸ் ஊரிலிருந்து பாலைவனத்தைக் கடந்து, செங்கடல் கரையில் இருந்த ஐதாப் துறைமுகத்துக்குப் போனார் தாவீது. அனுபவம் போதாமல், வணிகக் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு துணையோடு கிளம்பிவிட்டார். அந்தத் தவறுதான் அவரைக் காப்பாற்றியது. பின்னால் வந்தவர்களைக் கொள்ளையர் மடக்கினார்கள். சிலர் காயம்பட்டார்கள், சிலர் தாகத்தில் இறந்தார்கள். ஐதாப்பிலோ அவுரிச் சாயத்தைத் தவிர வாங்க உருப்படியாக எதுவும் இல்லை. சரி, கப்பலேறி இந்தியாவுக்கே போய்விடுவோம் என்று முடிவெடுக்கிறார். பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான், வீட்டில் சின்னவளையும் அவள் உடன்பிறந்தவளையும் தேற்றுங்கள் என்று அண்ணனுக்கு எழுதுகிறார்.

அவர் போன கப்பல் இந்துமாக்கடலில் மூழ்கியது.

அந்த அண்ணன்தான் மோசே மைமோனிடிஸ். அரபு உலகில் மூசா இப்னு மைமூன். யூதச் சிந்தனை வரலாற்றில் அவருக்கு இணையாகச் சொல்ல இன்னொரு பெயரைத் தேட வேண்டியிருக்கும். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்தவர். 1148இல் அந்த நகரம், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாதுகள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களின் கைக்குப் போனது. யூதர்களும் கிறிஸ்தவர்களும் மதம் மாற வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றது புதிய ஆட்சி. குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சில ஆண்டுகள், 1165இல் சிலுவைப்போர்க்காரர்கள் ஆண்ட, பாலஸ்தீனக் கரையிலிருந்த ஆக்கர், கடைசியில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்.

துரத்தியதும் முஸ்லிம் ஆட்சிதான், இடம் கொடுத்ததும் முஸ்லிம் ஆட்சிதான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடைக்கால யூதர்களின் வாழ்க்கையைப் பொற்காலம் என்றோ, ஓயாத கொடுமை என்றோ ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். எகிப்தில் அவர்கள், முஸ்லிம் அல்லாதவர்கள் கட்ட வேண்டிய ஜிஸ்யா வரியைக் கட்டினார்கள். சட்டப்படி முஸ்லிம்களுக்குச் சமமானவர்கள் இல்லை. ஆனாலும் தங்களுக்கென்று நீதிமன்றம் வைத்துக்கொண்டார்கள், கடலோடி வணிகம் செய்தார்கள், அரசவையிலும் வேலை பார்த்தார்கள். பேச்சு அரபு, அதையே எபிரேய எழுத்தில் எழுதினார்கள். மைமோனிடிஸின் 'திகைத்தோருக்கான வழிகாட்டி' என்ற தத்துவ நூலும் அப்படி எழுதப்பட்டதுதான்.

தம்பியோடு குடும்பப் பணமும் பிறர் பணமும் கடலில் போயின. அப்புறம் மருத்துவமே பிழைப்பானது. எகிப்தின் சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-காதி அல்-ஃபாதிலுக்கு வைத்தியம் பார்த்தார். பிற்காலத்தில் அரண்மனைக்கு நாள்தோறும் போய்வர வேண்டியிருந்தது. தன் அன்றாடத்தை 1199இல் சாமுவேல் இப்னு திப்போனுக்கு எழுதியிருக்கிறார். பகல் திரும்பியபின் பசியோடு வீட்டுக்கு வருவார். கூடம் நிறைய நோயாளிகள். யூதர்களும் மற்றவர்களும், பெரிய மனிதர்களும் சாமானியர்களும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏதோ சாப்பிடுவார். ஒரு நாளைக்கு அந்த ஒரு வேளைதான். பிறகு இருட்டும்வரை வைத்தியம். களைப்பில் படுத்தபடியே பேசுவார்.

இந்த சாமுவேல், கிறிஸ்தவ ஆட்சியில் இருந்த தென் பிரான்சில் வாழ்ந்தவர். 'வழிகாட்டி'யை எபிரேயத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். லத்தீனுக்கும் அந்நூல் போனது. கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அதை எடுத்தாள்கிறார். அதே பிரான்சில், பாரிஸ் நகரில், 1242இல் யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத்தின் ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

தாவீதின் கடிதம் எப்படிப் பிழைத்தது? இறைவன் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போடுவதில்லை. ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களைப் போட்டுவைக்க ஓர் அறை இருந்தது. அதற்குக் கெனிசா என்று பெயர். 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். தத்துவமும் கணக்குச் சீட்டும் திருமண ஒப்பந்தமும் கலந்து கிடந்த குவியல் அது.

தம்பி இறந்தபின் ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்தார் மைமோனிடிஸ். எட்டு ஆண்டுகள் கழித்து ஆக்கரில் இருந்த நண்பருக்கு எழுதும்போதும் துக்கம் ஆறவில்லை. என் மாணவனாகவும் இருந்தான், அவன் சம்பாதித்தான், நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன் என்கிறார். அவனுடைய கையெழுத்தை எப்போது பார்த்தாலும் நெஞ்சு புரண்டுபோகிறது என்றும் எழுதுகிறார். அந்தக் கையெழுத்து இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது.