அருவி மூழ்கியதும் மீன் ஏறியது

நேயர்களுக்கு வணக்கம். நான் மேட்டூர்க்காரன். மின்வாரியத்தில் முப்பது வருஷம் டர்பைன் இரைச்சலோடு காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு இட்டைப்பு அணையைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லையாக ஓடும் பரானா ஆற்றில் இருக்கிறது. 196 மீட்டர் உயரம். 20 ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 700 மெகாவாட். அதில் பத்து 50 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன, பராகுவேக்காக. மற்ற பத்து 60 ஹெர்ட்ஸில், பிரேசிலுக்காக. பராகுவே தன் பங்கில் மிஞ்சுவதைப் பிரேசிலுக்குத்தான் விற்கிறது. அதிர்வெண் (அந்த ஹெர்ட்ஸ் கணக்கு) ஒத்துப்போகாததால் அதை நேர்மின்சாரமாக மாற்றி அனுப்புகிறார்கள். என்னைப் போன்றவனுக்கு இதைப் பார்ப்பதே திருவிழா.

ஆனால் அங்கிருந்து மனசில் தங்கியது வேறு. பக்கத்து ஊரான ஃபோஸ் டோ இகுவாசுவில், அணை நிர்வாகமே 1987இல் திறந்த சூழலியல் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நீர்த்தேக்கம் வரும் முன் அந்த நிலத்தில் கிடைத்த பழங்காலப் பொருட்கள், அந்த வட்டாரத்தின் காடு, விலங்கு, மனிதர் கதை எல்லாம் அங்கே உண்டு.

1982 அக்டோபரில் மதகை மூடினார்கள். 14 நாளில் ஏரி நிரம்பிவிட்டது! 1,350 சதுர கிலோமீட்டர். செட்டே கேடாஸ், அதாவது 'ஏழு அருவிகள்' என்ற மாபெரும் அருவிக்கூட்டம் அதற்குள் போய்விட்டது. படகில் சுற்றி முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை மீட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதே கரையில் அவா குவாரனி பழங்குடிகளின் ஊர்களும் மூழ்கின. அவர்களின் நிலப் பிரச்சினை பல பத்தாண்டுகள் இழுத்தது.

அப்புறம் மீன் கதை. இதுதான் என்னை உட்கார வைத்தது. அந்த அருவி ஒரு சுவர் மாதிரி இருந்திருக்கிறது. கீழே இருந்த மீன்களில் பலவற்றால் அதைத் தாண்டி ஏற முடியாது. அதனால் மேலே ஒரு மீன் உலகம், கீழே இன்னொன்று. அருவி மூழ்கியதும் சுவர் போயிற்று. அணைக்கும் அருவிக்கும் இடையே இருந்த மீன்கள் மேலே பரவின. கீழிருந்து போன ஒருவகைப் பிரானா, மேலே காலங்காலமாக இருந்த உள்ளூர்ப் பிரானாவையே ஓரங்கட்டிவிட்டது. அணை என்றால் மீனை மறிக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். மேட்டூர் அணை வரும் முன் காவிரியில் கடலிலிருந்து உல்லம் மீன் ஏறி வந்த காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மறிப்பதற்காகக் கட்டியதே இன்னொரு பக்கம் வழியும் திறந்துவிடும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அணையைத் தாண்டி மீன் ஏறுவதற்கென்று 2002இல் ஒரு கால்வாயும் திறந்தார்கள். சுமார் 10 கிலோமீட்டர் நீளம், 120 மீட்டர் ஏற்றம். முட்டையிடும் பருவத்தில் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுகின்றன. ஏறுவது சரி, மேலே இட்ட முட்டையும் குஞ்சும் அவ்வளவு பெரிய ஏரியைக் கடந்து கீழே இறங்கி வருமா? சில ஆய்வாளர்களின் சந்தேகம் அதுதான். கீழிருந்து இன்னும் எதெது மேலே போகும் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. எனக்கும் அந்தக் கால்வாயின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அதன் கரையில் வெகுநேரம் நின்றேன்.

அதில் ஒரு பகுதியைத் துடுப்புப் படகுப் பந்தயத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நான் நின்றபோது ஒரு பையன் படகோடு கவிழ்ந்து, சிரித்துக்கொண்டே எழுந்தான். மீன் ஏற வேண்டிய தண்ணீரில் அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.