பாலம் வருவதற்கு முன் நின்றவள்

நண்பர்களே, வணக்கம்.

கோல்டன் கேட் என்பது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ ஊரின் கடல்வாய். அந்தப் பெயரைக் கேட்டாலே நமக்கு அங்குள்ள சிவப்புப் பாலம்தான் கண்ணில் வரும். நான் இன்று பேச வந்திருக்கும் சுவரொட்டியில் அந்த இடம் இருக்கிறது, பாலம் இல்லை. பாலம் திறந்தது 1937-இல். படம் 1911-இல் வந்துவிட்டது. வரைந்தவர் பெர்த்தா மார்கரெட் போயே.

அந்த வருடம் கலிபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று வாக்கெடுப்பு. அதற்காகப் பெண்கள் நடத்திய சுவரொட்டிப் போட்டியில் போயேவுக்கு முதல் பரிசு, 50 டாலர்.

படத்தைப் பாருங்கள். மஞ்சள் அங்கி போர்த்திய ஒரு பெண் நேராக நிற்கிறாள். விரித்துப் பிடித்த பட்டையில் மூன்றே ஆங்கிலச் சொற்கள்: பெண்களுக்கு ஓட்டு வேண்டும், அவ்வளவுதான். பின்னால் கடலும் குன்றுகளும். கடலில் இறங்கப் போகும் சூரியன் சரியாக அவள் தலைக்குப் பின்னால் நிற்கிறது. நம் வீட்டுச் சாமி படங்களில் ஒளிவட்டம் இருக்குமே, அப்படி.

இங்கிலாந்தில் எமிலி ஹார்டிங் ஆண்ட்ரூஸ் வரைந்த சுவரொட்டி வேறு மாதிரி. பட்டதாரிப் பெண் ஒருத்தி, ஒரு கைதியோடும் மனநோயாளியோடும் சேர்த்துப் பூட்டப்பட்டிருப்பாள். மூவருக்கும் ஓட்டு இல்லை. சுருக்கென்று தைக்கிற படம்தான். ஆனாலும் மற்ற இருவரையும் கீழே தள்ளித்தானே அவளை உயர்த்துகிறது? எனக்கு அது உறுத்தும். போயேயின் பெண் யாரையும் தள்ளவில்லை. வாதாடவும் இல்லை. அந்தக் கடலும் வெயிலும் போல அங்கேயே இருப்பவளாக நிற்கிறாள்.

யார் பார்ப்பதற்காக? ஓட்டுப் போடப் போவது ஆண்கள் மட்டும். 1896-லும் இதே கேள்வி வந்து தோற்றிருந்தது. பெண்கள் வந்தால் மதுவை ஒழித்துவிடுவார்கள் என்று சாராய வியாபாரிகள் பயந்தார்கள். பணத்தை இறக்கினார்கள்.

1911 அக்டோபர் 10. முதலில் எண்ணியது நகரத்து ஓட்டுகளை. சான் பிரான்சிஸ்கோ கைவிட்டது. ஆமாம், அவள் முதுகுக்குப் பின்னால் எந்த ஊரின் கடல்வாயை வரைந்தாரோ, அதே ஊர்! தோற்றுவிட்டது என்றே செய்தி போனது. அப்புறம் பண்ணை ஊர்களிலிருந்து கணக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. எல்லாம் எண்ணி முடித்தபோது, மாநிலம் முழுவதும் சேர்த்து 3,587 ஓட்டு வித்தியாசத்தில் பெண்கள் ஜெயித்திருந்தார்கள்.