பேப்பர் கப் எப்படி பிளாஸ்டிக் ஆனது?

(காட்சி: கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் பேப்பர் கப்)

இந்த டீ கப்பை நேற்று ராத்திரியே தண்ணீரில் போட்டுவிட்டேன். இப்போது விரலால் தேய்க்கிறேன், பாருங்கள். காகிதம் கூழாகி வந்துவிடுகிறது. ஆனால் கையில் ஒன்று மிஞ்சுகிறது: கண்ணாடி போல மெல்லிய ஒரு தாள். அது பாலித்தீன் என்ற பிளாஸ்டிக். டீ ஒழுகாமல் நிற்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. டீக்கடையில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

(காட்சி: அரசாணை, அதன் மேல் தடை செய்யப்பட்ட பொருள்களின் படங்கள்)

2018 ஜூன் 5, சட்டப்பேரவையில் அறிவிப்பு. அதே மாதம் 25ஆம் தேதி அரசாணை எண் 84. மொத்தம் 14 பொருள்கள்: சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், கேரி பேக் என்று போகிறது பட்டியல். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் உண்டு. எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்ற பேச்சே இல்லை. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு மட்டும் அப்போது விலக்கு தந்தார்கள்.

குழப்பம் அப்புறம்தான். 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் வந்தது. பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்பூன், காது குடையும் பட்ஸ், ஸ்வீட் பெட்டி மேல் சுற்றும் தாள் எல்லாம் அதில் இருக்கின்றன; பேப்பர் கப் இல்லை. கேரி பேக்கும் 120 மைக்ரான் இருந்தால் சரி என்கிறது அந்த விதி. "கெட்டி கவர்தான் சார், பரவாயில்லை" என்று நம் கடைக்காரர் சொல்வது இதை வைத்துத்தான். தமிழ்நாட்டில் அது செல்லாது.

(காட்சி: துணி போலத் தெரியும் கலர் பை, அருகில் மஞ்சப்பை)

தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் தீர்ப்பு: பேப்பர் கப் தடை நிற்கும், நெய்யாத பையை மட்டும் மறுபடி பரிசீலியுங்கள். நெய்யாத பை என்றால் ஜவுளிக்கடையில் தருகிற இந்தப் பைதான். துணி மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நூலை உருவிப் பாருங்கள், வராது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தது.

பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மஞ்சப்பையில் கத்தரிக்காய் வரும், சாம்பார் வராது. அதற்கு வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துப் போக வேண்டும், அல்லது கடையே பாத்திரம் வைத்திருக்க வேண்டும்.

(காட்சி: டீக்கடை, கழுவும் தொட்டி, அடுக்கிய கண்ணாடி டம்ளர்கள்)

சரி, டீக்கடைக்கே வருவோம். கண்ணாடி டம்ளருக்கு ஏன் திரும்பவில்லை? கழுவத் தண்ணீர் வேண்டும், கழுவ ஓர் ஆள் வேண்டும். தள்ளுவண்டியில் இரண்டும் கிடையாது. அரசாணையின் 14 வரிகளில் இதற்கு ஒரு வரி இல்லை.