பிறந்தநாள் வீட்டு நாற்காலி

(பாளையங்கோட்டையில் ஜெர்மன் மொழி படித்து, ஜெர்மனிக்கு வேலைக்குப் புறப்படும் செவிலியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம் என்று பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். செவிலியர் படிப்பை முடித்து, ஜெர்மன் மொழியில் தேர்வும் எழுதி, பெட்டி கட்டும் நிலையில் இருக்கிறீர்கள். விசா, சம்பளம், வரி பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சாப்பாட்டு மேசையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். முதல் சில மாதங்கள் உங்களில் பலர் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்குவீர்கள். அந்த வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வரும். உங்களையும் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்த மேசையில் முழு மனதோடு போய் உட்காருங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்து வைக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். விருந்தாளியாக உட்காரத்தான் கூச்சப்படுகிறோம். 'அவுங்க வீட்டு விசேஷம், நாம எதுக்குக் குறுக்கே?' என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடும் நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்த வீட்டாருக்கோ, நம்மோடு ஒட்டப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றே படும். அங்கே பிறந்தநாளுக்கு ஊரைக் கூட்டுவதில்லை. நாற்காலியை எண்ணி, ஆள் பார்த்து அழைக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் உங்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதியே சரியாகத் தெரியாது. தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அம்மாவிடம் கேட்டால், 'ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் பொறந்தே' என்பாள். 1992 வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறிய வாரத்தில் பிறந்தவர்களுக்கு இன்றைக்கும் அந்த வெள்ளம்தான் கணக்கு. நட்சத்திரம் பார்த்து நெல்லையப்பர் கோவிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் கொஞ்சம் பாயசம், அவ்வளவுதான் பிறந்தநாள். இப்படி வளர்ந்த நமக்கு, எழுபது வயதுக்காரருக்கும் தேதி தவறாமல் மேசை அலங்கரித்துக் கேக் வைக்கும் வீடு முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்.

நான் தங்கியிருந்தது தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். அந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது நிறைந்தது. எண்பது என்றதும் எனக்குச் சதாபிஷேகம் நினைவுக்கு வந்தது. ஆயிரம் பிறை கண்டவர்கள் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதே வயது. பூஜ்யத்தில் முடிகிற வயதென்றால் அங்கும் தனி மதிப்பு. எண்பதாவது பிறந்தநாளுக்குப் பல ஊர்களில் மேயரிடமிருந்து வாழ்த்து வரும். சில ஊர்களில் மேயரே வீடு தேடி வருவதும் உண்டு.

அன்று காலையில் மேசைமேல் மரத்தால் செய்த ஒரு வளையம் இருந்தது. சுற்றிலும் சிறு மெழுகுவர்த்திகள், நடுவில் பெரிதாக ஒன்று. 18ஆம் நூற்றாண்டிலேயே பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றிய நாடு அது. விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். கேக் வெட்டும் வீடுகளில் எங்கள் ஆச்சி அந்த நேரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாட்டி வீட்டிலோ கேக்கில் இருந்த மெழுகுவர்த்திகளைப் பேரப்பிள்ளைகள் ஊதினார்கள். வளையத்தின் நடுவில் இருந்த பெரியதை யாரும் தொடவில்லை. அது அந்தப் பாட்டியின் ஆயுளுக்கானது. பகல் முழுக்க எரிந்தது, தானாகத் தணியும் வரை விட்டுவைத்தார்கள். எங்கள் ஆச்சி அதைப் பார்த்திருந்தால் பாட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லாதீர்கள். அதை அவர்கள் அபசகுனமாக நினைக்கிறார்கள். படித்தவர்கள், இளவயதுக்காரர்கள் முகம்கூடச் சுருங்கும். உங்கள் அம்மா ஆசையாக வீடியோ காலில் வாழ்த்த நினைப்பார். இங்கே நள்ளிரவு 12 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே முந்தின நாள் மாலை 7.30, கோடைகாலத்தில் இரவு 8.30. அதனால் அங்கே அவர்கள் காலையில் எழுந்த பிறகு, நம் நேரம் பிற்பகல் ஆனதும் கூப்பிடச் சொல்லுங்கள்.

மதியம் மூன்று, மூன்றரைக்குக் காபியும் கேக்கும் என்று அழைத்தால், அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்துப் பெயரைச் சொல்லுங்கள். மூலையில் நின்று பொதுவாக ஒரு கும்பிடு போட்டால் போதாது.

அப்புறம் சாப்பாடு. இதில்தான் நம் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். நம்மூரில் முதல் தடவை 'வேண்டாம்' என்பது ஒரு மரியாதை. வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள், 'அட, ஒரு வாய்' என்று இலையில் வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அங்கே நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். உங்கள் வார்த்தையை நம்புவதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. ஆகவே வேண்டும் என்றால் வேண்டும் என்றே சொல்லுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள், மது தொடாதவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். செர்ரிப்பழக் கேக்கில் பழச்சாராயம் சேர்ப்பார்கள்; சில கிரீம் கேக்குகளில் ஜெலட்டின் இருக்கும். முன்கூட்டிச் சொன்னால் உங்களுக்கென்று தனியாக ஒன்று செய்து வைக்கும் நல்ல மனம் அவர்களுக்கு உண்டு. மேசையில் வந்து சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

பரிசை உங்கள் முன்னாலேயே பிரிப்பார்கள். நம் வீட்டில் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எல்லோரும் போன பிறகு பார்ப்போம். அங்கே உடனே பிரித்து, கையில் எடுத்து, உங்களைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். விலை யாருக்கும் பொருட்டில்லை. நான் பத்தமடைப் பாய் ஒன்று கொண்டுபோயிருந்தேன், மேசைமேல் விரிக்கிற அளவில் சிறியது. கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயரை நெய்து தருவார்களே, அதுபோலப் பாட்டியின் பெயரை நெய்து வாங்கியிருந்தேன். கோரையை எப்படிக் கிழிக்கிறார்கள், எப்படி ஊறப்போடுகிறார்கள் என்று அந்தப் பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் தாமிரபரணிக் கரையைப் பற்றிக் கேட்டார்கள். ஊரைப் பற்றி நான் அவ்வளவு நேரம் பேசியது அதற்கு முன் கிடையாது. உங்கள் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கட்டும். பாலில் செய்த பொருள்கள் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் அவற்றைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

சமைத்துத் தர ஆசைப்பட்டால் சொதி வையுங்கள். மறுவீட்டுச் சாப்பாட்டில் போடும் அதே சொதிதான். தேங்காய்ப்பால் அங்கே டப்பாவில் கிடைக்கிறது. பாசிப்பருப்பும் கேரட்டும் பீன்ஸும் கிடைக்கும். காரம் குறைவு என்பதால் அவர்கள் வாய்க்கு ஒத்துப்போகும். இஞ்சிப் பச்சடியை மட்டும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

இதே பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்து சேர்ந்த கிறிஸ்தவப் போதகர் இரேனியஸ் ஐயர் அந்த நாட்டுப் பக்கத்தவர்தான், பிரஷ்யாவில் பிறந்தவர். தமிழுக்கு இலக்கணம் எழுதும் அளவுக்கு நம் மொழியைக் கற்றார். 1838இல் இங்கேயே காலமானார். அடக்கமும் இந்த ஊரில்தான். நம் மக்களோடு அமர்ந்து பேசாமல் அந்தத் தமிழ் அவருக்கு வந்திருக்காது. நீங்கள் வகுப்பில் படித்த ஜெர்மன் மொழியும் அந்தக் காபி மேசையில்தான் பேச்சாக மாறும். தாத்தாக்கள் வட்டார வழக்கில் பேசுவார்கள். நாளைக்கு வார்டில் உங்கள் நோயாளிகளும் அப்படித்தான் பேசப்போகிறார்கள்.

கடைசியாக, உங்கள் பிறந்தநாளையும் அவர்களிடம் சொல்லுங்கள். சான்றிதழ் தேதியா, நட்சத்திரமா என்பது உங்கள் விருப்பம். அங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்தில் புதுச்சட்டை போட்டு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தோமே, அந்த வழக்கம் அங்கே வேலையிடத்திலும் தொடர்கிறது. வார்டுக்கு ரவைக் கேசரி கொண்டுபோங்கள். முந்திரி, நெய், கோதுமை சேர்ந்திருக்கிறது என்று ஜெர்மனில் ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள்.